திரைகளுக்கு எழுதிய ஜாதகம்

1992-ல் கோவையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒரு யூனிக்ஸ் இயந்திரம், அதோடு ஆறு பச்சை எழுத்து டெர்மினல்கள். விஐ எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்தேன். கோப்பு வரவில்லை, திரையெங்கும் சதுர அடைப்புக்குறிகள், நடுநடுவே எச், ஜே என்ற எழுத்துகள். பெட்டி பழுதென்று பிளக்கைப் பிடுங்கப் போனபோது மூத்தவர் தடுத்தார்.

"பெட்டியில ஒண்ணும் இல்ல தம்பி. டெர்ம்ல என்ன போட்டிருக்கீங்கன்னு பாருங்க."

டெர்மினலின் ரகத்தைச் சொல்லும் டெர்ம் என்ற மாறியில் விடி100 என்று போட்டிருந்தேன். பெட்டியோ வேறு ரகம். ஒரு வரியைத் திருத்தியதும் கோப்பு ஒழுங்காக வந்து நின்றது.

1970-களில் டெர்மினல் செய்த நிறுவனங்கள் ஆளுக்கொரு பாஷை வைத்திருந்தன. லியர் சீக்லரின் ஏடிஎம்-3ஏ திரையைத் துடைக்க கன்ட்ரோல்-இசட் என்ற ஒற்றைக் குறி போதும். டிஜிட்டல் ஈக்விப்மென்ட் 1978-ல் கொண்டுவந்த விடி100-க்கு எஸ்கேப் குறியில் தொடங்கும் நீண்ட கட்டளை வேண்டும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதிடம் சொன்னால், நான் பார்த்த குப்பைதான் வரும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் விஐ-யை எழுதிய பில் ஜாய் பயன்படுத்தியது ஏடிஎம்-3ஏ. அதன் எச், ஜே, கே, எல் விசைகளில் அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. விஐ-யில் இன்றும் கர்சர் அந்த நான்கு விசைகளில் நகர்வது அதனால்தான். ஆனால் விஐ எல்லாப் பெட்டிகளிலும் ஓட வேண்டுமே! அதற்காக அவர் உருவாக்கியது டெர்ம்கேப் என்ற டெக்ஸ்ட் கோப்பு. பெட்டிக்கொரு ஜாதகம்: எத்தனை வரி, வரிக்கு எத்தனை எழுத்து, துடைக்க என்ன குறி, கர்சரை நகர்த்த என்ன குறி. டெர்ம் மாறியில் உள்ள பெயரை வைத்து நிரல் அந்த ஜாதகத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். புது டெர்மினல் வந்தால் நிரலில் கைவைக்க வேண்டாம், கோப்பில் சில வரிகள் சேர்த்தால் போதும். என் கணிப்பில் விஐ-யைவிட இதுவே அவர் செய்த பெரிய காரியம்.

பிறகு மார்க் ஹார்டன் அதைச் செப்பனிட்டு டெர்ம்இன்ஃபோ ஆக்கினார். டெர்மினல் நிரல்கள் திரையைக் கையாளப் பயன்படுத்தும் என்கர்சஸ் நூலகம் இன்றும் அதைத்தான் படிக்கிறது.

உங்கள் லினக்ஸ் திரையில் டெர்ம் மாறியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று வரும். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரல் 1984-ல் பிறந்தது. திரையைத் துடைக்க அது எதிர்பார்ப்பது விடி100-க்குச் சொன்ன அதே எஸ்கேப் கட்டளையைத்தான்.