பழைய புத்தகத் தேடல்: மூர் மார்க்கெட் முதல் கோட்டையூர் வரை

தமக்குப் பிடித்த எழுத்தாளரின் நூல்களைப் பழைய புத்தகக் கடைகளிலும் நடைபாதைகளிலும் தேடிச் சேர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. முதல் பதிப்பு, நின்றுபோன இதழ், தொடர்கதையைக் கிழித்துத் தைத்த தொகுப்பு, தீபாவளி மலர் ஆகியவை இத்தேடலில் முதன்மையானவை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். அச்சில் வந்த புத்தகத்துக்கும் அதே அலைச்சல் தேவைப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அச்சாகிவிட்டால் நூல் பிழைத்துவிடும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். உண்மையில் 1900க்கும் 1950க்கும் இடையில் அச்சான தமிழ் நூல்கள் பலவற்றுக்கு இன்று ஓரிரு பிரதிகள் மிஞ்சினாலே பெரிது.

மூர் மார்க்கெட்

சென்னையில் பழைய புத்தகம் என்றதும் முதியவர்களுக்கு நினைவில் எழுவது மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் செந்நிறக் கட்டடமாக எழுந்து 1900இல் திறக்கப்பட்டது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், கிளி, புறா, நாய்க்குட்டி என எல்லாம் ஒரே வளாகத்தில் விலைபோயின. வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர் வண்டி ஏறும்வரை கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அங்கே புகுந்து புத்தகம் கிளறலாம். இந்த வசதிக்காகவே பலர் சென்னைப் பயணத்தைத் திட்டமிட்டனர் என்றால் மிகையாகாது.

அங்கே விலை என்பது பேச்சுத் திறமையைப் பொறுத்தது. தேடி வந்த நூல் கையில் அகப்பட்டதும் முகம் மலர்ந்தால் விலை இரு மடங்காகும். ஆகவே அனுபவசாலிகள் வேண்டாத புத்தகம் இரண்டை முதலில் எடுத்து விலை கேட்டு, வேண்டியதை மூன்றாவதாக அலட்சியமாக நீட்டுவார்கள். கடைக்காரரும் இதை அறியாதவர் அல்லர்.

1985 மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. கட்டடம் இருந்த இடத்தில் பின்னர் ரயில்வேயின் புறநகர் நிலைய வளாகம் வந்தது. வணிகர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. கட்டடம் போனதற்கு வருந்தியவர்கள் பலர். உள்ளே இருந்த காகிதத்தில் என்னென்ன போயிற்று என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பழைய புத்தகக் கடைக்குப் பட்டியல் கிடையாது. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளும், மயிலாப்பூர் லஸ் முனையில் ஆழ்வார் கடையும் அதன் பின்னர் தேடுவோரின் கால் போகும் இடங்களாக நீடித்தன.

எதைத் தேடினார்கள்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். அவருடைய எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டபின் அதை வெளியிடாத பதிப்பகம் குறைவு. அப்படியிருக்க, 'கல்கி' இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 வரை வந்த தொடரை வாராவாரம் கிழித்து, சணல் நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டி அட்டை போட்ட பழுப்பேறிய தொகுப்பை ஏன் தேட வேண்டும்?

முதல் விடை மணியத்தின் ஓவியங்கள். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் தமிழர் மனத்தில் ஒரு முகம் இருக்கிறதென்றால் அதை வரைந்தவர் அவர். பிற்காலத்தில் அவர் படங்களுடன் பதிப்புகள் வந்தன என்றாலும், மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படமே இல்லை. இரண்டாவது விடை, இதழின் பக்கம். கதை எந்த இடத்தில் நின்று 'தொடரும்' போட்டது, அதே பக்கத்தின் ஓரத்தில் எந்தச் சோப்பு விளம்பரம் இருந்தது, பின்பக்கத்தில் என்ன துணுக்கு வந்தது என்பதெல்லாம் அந்தத் தொகுப்பில் மட்டுமே உண்டு. ஒரு வார இடைவெளியைத் தாங்குவதற்காக எழுதப்பட்ட கதையை ஒரே மூச்சில் படிக்கும் இன்றைய வாசகருக்கு, சில அத்தியாயங்கள் ஏன் முன்கதையை நினைவூட்டுகின்றன என்பது இந்தத் தொகுப்பைப் பார்த்தால்தான் விளங்கும்.

'தேவன்' என்ற ஆர். மகாதேவனின் நிலை இன்னும் தெளிவான சான்று. ஆனந்த விகடனில் துப்பறியும் சாம்புவையும் மிஸ்டர் வேதாந்தத்தையும் எழுதி வாசகரைக் கட்டிப்போட்ட அவர் 1957இல் காலமானார். அவருடைய படைப்புகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகே நூல்வடிவம் பெற்றன. அதுவரை வீட்டில் தைத்து வைத்த தொகுப்புதான் வாசகரிடம் இருந்த ஒரே புத்தகம். பதிப்பாளர் செய்யாத வேலையை, கத்தரிக்கோலும் கோணி ஊசியும் வைத்திருந்த இல்லத்தரசிகள் செய்தார்கள்.

காலம் காணும் வழிகள்

பழைய தமிழ் நூலின் வயதைக் கண்டுபிடிப்பது தனிக்கலை. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டியிருந்தது. ஆண்டைப் பொறுத்தவரை பலர் தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் போட்டனர். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வரும். 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் அது 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், தாளின் தரம், எழுத்தின் வார்ப்பு ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தலைப்புப் பக்கம் கிழிந்து போயிருந்தால் விலையைப் பார்க்கலாம். இந்தியா 1957 ஏப்ரல் 1ஆம் நாள் பதின்ம நாணய முறைக்கு மாறியது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா. எனவே அட்டையில் 'விலை அணா 12' என்று இருந்தால் நூல் 1957க்கு முந்தியது, 'ந.பை.' என்று நயா பைசாவில் விலை இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. எழுத்தும் சான்று சொல்லும். ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற சுழியோடும், ணா, றா, னா ஆகியவற்றைக் காலில்லாமல் சுழித்தும் அச்சிட்டிருந்தால், நூல் பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முற்பட்டது. இந்த அளவுகோல் எல்லா நூலுக்கும் பொருந்தாது. பெரியார் தம் இதழ்களில் 1935லேயே சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். கடைசியாக, தாளின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஈய எழுத்து அழுத்திய மேடு விரலில் தட்டுப்பட்டால் அது அச்சுக்கோத்து அடித்த நூல்.

படித்தே தீர்ந்த புத்தகங்கள்

அரிய நூல் என்றால் யாரும் படிக்காத கனமான நூல் என்று நினைப்பது இயல்பு. தமிழில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். புலவர்கள் பதிப்பித்த இலக்கண நூல்கள் மடங்களிலும் கல்லூரிகளிலும் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தன. அணாக்கணக்கில் விற்று ஆயிரக்கணக்கானோர் படித்த நாவல்கள்தாம் மறைந்தன. ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் கதைகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சக்கைப்போடு போட்டன. வடுவூராரின் 'மேனகா'வும் 'திகம்பர சாமியா'ரும் திரைப்படமாகவும் வந்தன. 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதினார். இவை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டு, மூலை மடிந்து, அட்டை கழன்று, இறுதியில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிக் கடலைப் பொட்டலம் ஆயின. மிச்சத்தைக் கறையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொண்டன.

நூலகங்களும் இவற்றைச் சேர்க்க முனையவில்லை. பொழுதுபோக்கு நாவலுக்கு மதிப்பில்லாத காலம் அது. சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. ஆனால் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் அதற்கு அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் 1954ஆம் ஆண்டின் நூல் அளிப்புச் சட்டத்தால்தான் வந்தது. அதற்கு முந்தைய வெகுமக்கள் நூல்களைக் காத்தவர்கள், அவற்றைக் காக்கத் தகுந்தவை என்று கருதிய தனிமனிதர்களே. இளமையில் தங்களை மயக்கிய எழுத்தாளரிடம் அவர்கள் வைத்திருந்த பாசம், அறிஞர்களின் மதிப்பீட்டைவிட நல்ல வழிகாட்டியாக இருந்தது எனலாம்.

பாரதியும் புதுமைப்பித்தனும்

ஓர் எழுத்தாளரின் முழு உருவமே இத்தகைய தேடலால் கிடைத்ததற்குப் பாரதி சிறந்த எடுத்துக்காட்டு. 1921இல் அவர் மறைந்தபோது நூலாக வந்திருந்தது அவர் எழுதியதில் ஒரு பகுதியே. மீதி 'சுதேசமித்திரன்', 'இந்தியா' போன்ற இதழ்களின் பழைய கட்டுகளில் கிடந்தது. பெ. தூரன் சுதேசமித்திரன் இதழ்களில் தேடி 1953இல் 'பாரதி தமிழ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். ரா.அ. பத்மநாபன் படங்களையும் ஆவணங்களையும் தேடித் திரட்டி 1957இல் 'சித்திர பாரதி'யைத் தந்தார். 'இந்தியா' இதழ் எழுத்துகளை இளசை மணியன் 'பாரதி தரிசனம்' என்று 1970களில் தொகுத்தார். சீனி. விசுவநாதன் பல பத்தாண்டுகள் உழைத்துப் படைப்புகளைக் கால வரிசையில் அடுக்கினார். பாடநூலில் இன்று பாரதியின் உரைநடை என்று மாணவர் படிப்பதில் கணிசமான பகுதி இவர்கள் தூசு தட்டி எடுத்தது.

புதுமைப்பித்தனைத் தேடியவர்களுக்குக் கூடுதல் சிக்கல். அவர் ரசமட்டம், வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை எனப் பல புனைபெயர்களில் எழுதினார். இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் வேறுபாடுகளும் இருந்தன. ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுக்கப்படாத எழுத்துகளை 1998இல் 'அன்னை இட்ட தீ' என்ற பெயரிலும், கதைகளின் செம்பதிப்பை 2000இலும் பதிப்பித்தார். பழைய இதழ் கிடைக்காமல் இப்படிப்பட்ட பதிப்பு சாத்தியமே இல்லை. பின்வந்த பதிப்பில் ஒரு சொல் மாறியிருந்தால், அது ஆசிரியர் மாற்றியதா அச்சுக்கோப்பவர் கைத்தவறா என்று கேட்க வேறு சாட்சி கிடையாது.

கோட்டையூர்

இத்தேடலில் தனியிடம் பெறுபவர் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. அவர் பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பல பத்தாண்டுகளாக அவர் நூல்கள், இதழ்கள் மட்டுமன்றி நாடக நோட்டீசு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் வரை சேர்த்தார். மற்றவர்கள் படித்துக் கீழே போட்டவற்றில் அவர் கண் பதிந்தது. ஆய்வாளர்கள் கோட்டையூருக்குத் தேடிச் சென்று அவருடைய சேகரிப்பைப் பயன்படுத்தினர். எழுத்தாளர் அம்பையும் அவர்களுள் ஒருவர்.

1992இல் அவர் மறைந்தபோது சுமார் 1 லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் இருந்தன. தனியார் சேகரிப்புகளுக்கு வழக்கமாக நேர்வது பங்குபிரிப்பும் சிதறலும். இங்கே அது நடக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. அதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்து, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. முதலில் முகப்பேரிலும் பின்னர் தரமணியிலும் இயங்கி, நுண்படமாகவும் மின்வடிவிலும் நூல்களைப் பாதுகாத்து வருகிறது. வாங்கியது அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் என்பதில் தமிழருக்கு ஒரு நெருடல் இருக்கத்தான் செய்யும். நூல்கள் இங்கேயே தங்கியது ஆறுதல்.

இதே வரிசையில் மறைமலை அடிகளின் நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் தொடங்கிய மறைமலையடிகள் நூலகத்தையும், ஆசிரியராகப் பணியாற்றிய பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிப் புதுக்கோட்டையில் உருவாக்கிய ஞானாலயாவையும் சொல்ல வேண்டும்.

கைமாறிய தடங்கள்

பழைய நூலில் முன்னவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள் ஆய்வாளருக்குத் தனிச் செய்தி. முதல் பக்கத்தில் ஊதா மையால் எழுதிய பெயரும் தேதியும், 'இரவல் வாங்கியவர் திருப்பித் தரவும்' என்ற வேண்டுகோள், வாசகசாலை முத்திரை, திருமணப் பரிசு என்ற குறிப்பு ஆகியவை ஒரு நூல் எந்த ஊரில் யார் கையில் புழங்கியது என்று காட்டும். தைத்த தொடர்கதைத் தொகுப்புகளில் இது இன்னும் அதிகம். விடுபட்ட வாரத்தின் அத்தியாயத்தைப் பக்கத்து வீட்டு இதழைப் பார்த்து நோட்டுத் தாளில் கையால் எழுதி, உரிய இடத்தில் சேர்த்துத் தைத்திருப்பதும் உண்டு. தேர்ந்த சேகரிப்பாளர்கள் அந்தத் தாளை நீக்குவதில்லை. அச்சான அத்தியாயம் பின்னர் தனியே கிடைத்தாலும் அதை ஓர் உறையிலிட்டுப் பக்கத்தில் வைப்பார்கள்.