பனிநிலைக் கருவி வளர்ந்த கதை

ஐஸ் போட்ட தண்ணீர்க் குவளையின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் அரும்பி நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். குவளை கசிகிறது என்று சொல்பவர்களும் உண்டு. கசிவதானால் வெந்நீர் ஊற்றினாலும் கசிய வேண்டுமல்லவா? அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி, போதிய அளவு குளிர்ந்த பொருளைத் தொட்டதும் துளியாகிறது. எந்த வெப்பநிலையில் அது தொடங்குகிறதோ அதற்குப் பனிநிலை என்று பெயர். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் காலை நனைக்கும் புல்பனியும் இப்படிப் பிறந்ததுதான்.

இதை அளக்க மனிதன் பட்ட பாடு சிறிதல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரை ஆண்ட இரண்டாம் பெர்டினாண்டோ கோமகன் ஒரு கருவி செய்வித்தார். கூம்பு வடிவப் பாத்திரத்தில் பனிக்கட்டியை நிரப்பினார்கள். வெளிப்புறத்தில் திரண்ட நீர், நுனி வழியாகச் சொட்டி, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் விழுந்தது. எவ்வளவு நீர் சேர்ந்தது என்று அது காட்டியது. எந்தக் குளிரில் சேரத் தொடங்கியது என்று காட்டவில்லை.

அந்தக் கேள்வியை 1751இல் எடுத்துக்கொண்டவர் பிரான்சின் மான்ட்பெல்லியர் நகர மருத்துவர் சார்ல்ஸ் லெ ருவா. குவளை நீரில் பனிக்கட்டியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெளியே ஈரம் படியும்போது வெப்பமானியைப் பார்த்தார். பிறகு இங்கிலாந்தின் ஜான் டால்டன் இதைத் தலைகீழாகச் செய்தார். கிணற்றின் குளிர்ந்த நீரைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றுவார். வெளியே ஈரம் படிந்தால் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிச் சற்றுச் சூடேற விடுவார். சாடியைத் துணியால் துடைத்து, மறுபடியும் அதே நீரை ஊற்றுவார். ஈரம் படியாமல் நின்றுபோகும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் செய்துகாட்ட இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் எண்ணம். ஆனால் நம் நாட்டில் கிணற்று நீர் அவ்வளவு குளிர்ந்திராது. கொஞ்சம் ஐஸ் சேர்க்க வேண்டும்.

1820இல் லண்டனைச் சேர்ந்த ஜான் பிரெடரிக் டேனியல் அமைத்த கருவி கைக்கு அடக்கமானது. வளைந்த குழாயின் இரு முனைகளிலும் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். ஒன்று கறுப்புக் கண்ணாடி. அதனுள் ஈத்தரும் ஒரு வெப்பமானியும் இருக்கும். மற்றொன்றின் மேல் மெல்லிய துணி சுற்றியிருக்கும். அந்தத் துணியில் சில சொட்டு ஈத்தரை விட்டால், அது ஆவியாகிக் குமிழைக் குளிர்விக்கும். அதனால் கறுப்புக் குமிழின் உள்ளிருக்கும் ஈத்தரும் ஆவியாகிக் குளிரும். கறுப்புக் கண்ணாடியில் பனி வளையம் தெரிந்தவுடன் உள் வெப்பமானியைப் படிக்க வேண்டும்.

கருவி அழகுதான். ஆனால் எவ்வளவு வேகமாகக் குளிர வேண்டும் என்பது சொட்டு விடுபவரின் கையில் இருந்தது. பார்ப்பவர் அருகில் குனிந்தால் அவருடைய மூச்சின் ஈரமே கணக்கைக் கெடுக்கும். கண்ணாடியோ வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. உள்ளே ஒரு வெப்பநிலை, வெளிப்பரப்பில் வேறொரு வெப்பநிலை.

இக்குறைகளைப் பாரிஸ் நகரின் ஹென்றி விக்டர் ரெனோ 1845இல் ஒவ்வொன்றாக நீக்கினார். கண்ணாடிக் குமிழுக்குப் பதிலாக மெருகிட்ட வெள்ளிக் குப்பி வைத்தார். அதிலுள்ள ஈத்தரின் ஊடே காற்றைக் குமிழியிட்டு ஓடச் செய்தார். அந்தக் காற்றை இழுத்தது, அடியில் குழாய் பொருத்திய ஒரு தண்ணீர்த் தொட்டி. குழாயைச் சிறிது திறந்தால் மெல்லக் குளிரும். அதிகம் திறந்தால் விரைந்து குளிரும். பக்கத்தில் ஈத்தர் இல்லாத இன்னொரு வெள்ளிக் குப்பி, பளபளப்பை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. வெப்பமானியைத் தொலைநோக்கியால் தூரத்திலிருந்து படித்தார்கள். பனி தோன்றும்போது ஒரு எண், மறையும்போது ஒரு எண். இரண்டின் சராசரியே பனிநிலை.

இன்றைய கருவிகளில் சிறு கண்ணாடி ஒன்றை மின்சாரம் குளிர்விக்கிறது. இதற்கு அடிப்படையான விளைவை 1834இல் கண்டவர் பெல்டியே. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, பனி படிந்ததும் மங்குகிறது. அதை உணர்ந்து, பனிப்படலம் கூடாமலும் குறையாமலும் இருக்கும்படி கருவியே குளிரைச் சரிசெய்துகொள்கிறது. கண்ணாடியை ஒட்டிய பிளாட்டினக் கம்பி வெப்பநிலையைச் சொல்கிறது.

ஆனாலும் முகப்பில் எதைக் காட்ட வேண்டும் என்று மனிதர்தான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகும் தொழிற்சாலைகளில், குழாயில் ஓடும் அழுத்தக் காற்று உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க இத்தகைய அளவீடு தேவைப்படுகிறது. பனிநிலை 24 டிகிரியாக இருக்கும்போது காற்றின் வெப்பம் 30 டிகிரி என்றால் ஈரப்பதம் சுமார் 70 விழுக்காடு. உச்சி வெயிலில் 32 டிகிரியானால் அது சுமார் 63 ஆகிவிடும். பனிநிலை மாறாது. எனவே காற்றிலுள்ள நீர் குறைந்ததா என்று அறிய, முகப்பைப் பனிநிலையில் வைப்பதே சரி.

பூச்சியத்துக்குக் கீழே இன்னொரு சிக்கல். கண்ணாடியில் படிவது நீரா, உறைபனியா? ஒரே காற்றுக்கு, நீர் என்று கணக்கிட்டால் −20 டிகிரி. உறைபனி என்று கணக்கிட்டால் ஏறத்தாழ −18 டிகிரி. எந்தக் கணக்கில் முகப்பு இருக்கிறது என்று பாராமல் எண்ணை மட்டும் ஏட்டில் எழுதினால் இரண்டு டிகிரி பிசகிவிடும்.

கண்ணாடியில் உப்புத்தூசி சேர்ந்தால் பனி முன்கூட்டியே படிந்து, எண் உயர்ந்து காட்டும். அதனால் கருவி இடையிடையே கண்ணாடியைச் சூடாக்கி உலர்த்தி, ஒளியளவைத் திரும்பச் சரிபார்த்துக்கொள்கிறது. அழுக்கு மிகுந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் கையாலேயே துடைக்கிறார்கள்.