நொய்யல் கரையிலே – 9: பாதி துளைத்த மணி

கொடுமணலுக்குப் போகிறேன் என்று திருப்பூரில் யாரிடம் சொன்னாலும், “அங்க என்னங்க இருக்குது?” என்றுதான் கேட்கிறார்கள். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் ஒரு சிற்றூர். ஆடு மேய்கிற காடு. அதற்குள் வட்டமாகப் பதித்த கற்கள், இடையிடையே நட்டுவைத்த நெடுங்கல். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் 2,000 ஆண்டுகளுக்கு முன்னால், கடல் கடந்து சரக்கு அனுப்புவதில் இன்றைக்குத் திருப்பூருக்கு என்ன பெயரோ, அந்தப் பெயர் இந்த ஊருக்கு இருந்தது.

சென்ற வாரம் வெள்ளலூரில், 1842ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளோடு நிறுத்தியிருந்தோம். அந்தக் காசு வந்த வழியிலேயே நாமும் மேலே நடக்கலாம். மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கிய வணிகர் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, நொய்யலைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் சேரர்களின் கரூர். அந்தப் பாதையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய 67-ஆம் பாட்டிலும், அரிசில்கிழார் பாடிய 74-ஆம் பாட்டிலும் வருகிற ‘கொடுமணம்’ இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நல்ல அணிகலனுக்குப் பேர்போன ஊராக, பந்தர் என்ற ஊரோடு சேர்த்து அதைப் புலவர்கள் சொல்கிறார்கள்.

1985ல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே குழி போட்டது. பேராசிரியர்கள் எ. சுப்பராயலுவும் கா. இராசனும் முன்னின்று செய்த பணி. பிறகு 2012, 2013ல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் இராசன் மீண்டும் அகழ்ந்தார். அப்போது செய்த கரிமக் கணிப்பு, ஊரின் வயதை கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்கும் முன்னால் கொண்டுபோனது.

கிடைத்தவற்றில் என் மனத்தை விட்டுப் போகாதது பொன்னுமல்ல, காசுமல்ல. பாதியில் நின்றுபோன மணிகள். உடைத்தெடுத்த கல், சில்லு சில்லாகச் செதுக்கியது, உருட்டித் தேய்த்தது, துளை போடாதது, துளை போடும்போதே பிளந்துபோனது, மெருகேறி முடிந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன மணிகள் அந்த மண்ணில் கிடந்தன. முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால், எங்கிருந்தோ வாங்கி வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். பாதி மணி அப்படிச் சொல்ல விடாது. இங்கேதான் பட்டறை இருந்தது, இங்கேதான் ஒருவர் குனிந்து உட்கார்ந்து கண் நோகத் துளை போட்டிருக்கிறார் என்று அது சாட்சி சொல்கிறது. விரல்நுனி அளவுக் கல்லில் ஊசி நுழைகிற துளை. கை ஒரு மயிரிழை ஆடினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். நிட்டிங், டையிங், கட்டிங், செக்கிங் என்று ஒரே பனியன் பல கை மாறிப் போவதை அன்றாடம் பார்க்கிற நமக்கு, அந்தக் குப்பைக்குவியல் புதிய காட்சியே இல்லை.

கல் பக்கத்திலேயே இருந்தது. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் நீலப்பச்சைக் கல். கும்பினி ஆட்சியில், 1819-20 வாக்கில்கூட அங்கே கிணறு தோண்டி அந்தக் கல்லை எடுத்தார்கள். பெரில் இந்தியாவுக்கு வெளியே கிடைப்பது அரிது என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற சொல்லே தமிழிலிருந்து போனதுதான். வெளியூர்க் கல்லும் வந்து இறங்கியது. சூதுபவளம் குஜராத்திலிருந்து, லாபிஸ் லசுலி என்னும் கருநீலக் கல் ஆப்கானிஸ்தானிலிருந்து. ஒரே ஓர் ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. யாருக்காக அத்தனையும் வைத்தார்கள் என்று அந்தக் குழியைச் சூழ்ந்த கல்வட்டத்தின் ஓரத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். ஊரே மதித்த ஒருவராக இருந்திருக்க வேண்டும்.

மணியோடு இரும்பும். சென்னிமலைப் பக்கத்துத் தாதுவை உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள் இங்கே வெளிப்பட்டன. நடுவே இரும்புக் கம்பி கோத்த சுடுமண் தக்கிளி வில்லைகளும் கிடைத்தன. அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நூல் நூற்பது நொய்யல் கரைக்கு நேற்று வந்த தொழில் இல்லை.

பானை ஓடுகளில் பெயர்கள் இருக்கின்றன. தமிழி எழுத்தில் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் இங்கே கிடைத்திருக்கின்றன. சம்பன் சுமணன், விசாகி, வருணி. வடக்கத்திச் சாயல் உள்ள பெயர்களும் கலந்து கிடக்கின்றன. இன்றைக்குத் திருப்பூர் லைன் வீடுகளில் இருப்பவர்களைப் போலவே, பிழைப்புக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். ‘நிகம’ என்று ஓர் ஓடு. வணிகர் குழுவைக் குறிக்கும் சொல். அரசர்களைப் புலவர்கள் பாடினார்கள். இவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே பானையில் கீறிக்கொண்டார்கள்.

ஆற்றால் வளர்ந்து, பிறகு அமைதியாகிப்போன ஊர் தென் அமெரிக்காவிலும் உண்டு. கொலம்பியாவில் மக்தலேனா ஆற்றங்கரையில், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அமைத்த மொம்போஸ் நகரம். கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் சரக்கெல்லாம் அதன் படித்துறையைத் தொட்டுத்தான் போகும். பிறகு அந்தக் கிளையில் வண்டல் மேடிட்டு, படகுகள் வேறு கிளைக்குப் போய்விட்டன. ஊர் அப்படியே உறைந்து நின்றது. 1995ல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. அங்கே பொற்கொல்லர்கள் முடிபோன்ற கம்பியை முறுக்கி நகை செய்வதை இன்றும் விடவில்லை. கொடுமணலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரோமானிய வணிகம் தளர்ந்த பின் பட்டறைகள் ஓய்ந்தன. கைத்திறனைச் சொல்லிக்கொடுக்க யாரும் மிஞ்சவில்லை.

நொய்யல் ஆற்றையும் நாம் விட்டுவைக்கவில்லை. கொடுமணலுக்குப் பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992ல் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீர் பாய்ந்த காடுகள் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அந்த வேதனையின் தொடர்ச்சிதான். நம் பனியனின் நிறம் அந்த நீரில் கரைந்திருந்தது என்பதைத் திருப்பூர்க்காரனாக நான் மறைக்க விரும்பவில்லை.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் அருங்காட்சியகம் அமையும் என்று 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. மனம் குளிர்ந்தது. ஒரே ஒரு வேண்டுகோள். மெருகேறிய மணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கும்போது, துளை போடும்போது பிளந்த அந்த ஒரு மணியையும் முன்வரிசையில் வையுங்கள். சுமணன், விசாகி, வருணி பெயர் பொறித்த ஓடுகள் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வரும் ஒரு டெய்லர் அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும்.

அடுத்த இதழில் ஆற்றோடு இன்னும் கிழக்கே இறங்கிக் கரூர் போவோம்.

(தொடரும்)