சாளுவன்குப்பம்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்த சிற்றூர். பல்லவர் குடைவித்த கற்கோயில்களும், அவற்றினும் பழமை வாய்ந்ததாகக் கருதப்பெறும் செங்கற்கோயில் ஒன்றின் அடித்தளமும் இங்கு ஒன்றுக்கொன்று சமீபத்திலேயே காணப்படுவதால், ஊர் சிறிதாயினும் தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

பெயரும் வரலாறும்: விஜயநகரத்தை 1485 முதல் 1491 வரை ஆண்ட சாளுவ நரசிம்மனின் பெயரை ஒட்டி இவ்வூர்ப்பெயர் எழுந்தது என்பர். அதற்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சாசனங்கள் இவ்வூரைத் திருவிழிச்சில் என்று குறிக்கின்றன. பல்லவர், இராட்டிரகூடர், சோழர் ஆகிய மூன்று அரச மரபினரின் சாசனங்களும் இவ்வூர்ப் பாறைகளிலும் தூண்களிலும் கிடைத்திருத்தலின், ஆட்சி மாறியபோதும் இங்கு வழிபாடு தொடர்ந்து நடைபெற்று வந்தமை தெளிவாகும்.

அதிரணசண்ட மண்டபம்: சுற்றியுள்ள மணற்பரப்பினும் தாழ்ந்த மட்டத்தில், பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட சிவாலயம் இது. முகப்பில் இரு தூண்களும், உள்ளே சிறு மண்டபமும், அதன் பின்னே இலிங்கம் பிரதிஷ்டை செய்யப்பெற்ற கருவறையுமாக அமைந்த எளிய கட்டுக்கோப்பினது. கருவறையின் பின்சுவரிலும், மண்டபத்தின் பின்சுவரில் கருவறை வாயிலின் இருமருங்கிலும் சோமாஸ்கந்த வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கோயிலுக்கு எதிரேயுள்ள சிறு பாறையொன்றில், தேவி மகிடாசுரனோடு பொரும் காட்சி புடைப்புச் சிற்பமாக விளங்குகிறது. இதே காட்சியை மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் விரிந்த அளவிற் கண்டவர்கள், இங்கே சிற்பி அதனை ஒரு சிறு கல்லுக்குள் அடக்கிய சாமர்த்தியத்தை ஒப்புநோக்கி அறியலாம்.

இக்கோயிலின் சாசனம் ஒரே சமஸ்கிருதச் செய்யுள் தொகுதியை ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும், எதிர்ச்சுவரில் நாகரி எழுத்திலுமாக இருமுறை பொறித்திருப்பது விசேஷமானது. கோயிலுக்கு அதிரணசண்டேசுவரம் எனப் பெயரிட்ட அரசனை அத்தியந்தகாமன், ரணஜயன் முதலிய விருதுப்பெயர்களாற் கூறி, இசைநுட்பத்தையும் புகழ்ந்து பேசும் இச்சாசனம், ஹூல்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இடம்பெற்றது. இவ்விருதுகளைத் தாங்கிய வேந்தன் யாவன் என்பதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. மாமல்லபுரத்துப் படைப்புகள் யாவும் இராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் ஒருவன் காலத்தவையே என்று 1962இல் இரா. நாகசாமி வாதித்தபோது, இத்தகைய விருதுப்பெயர்களே அவருக்குத் தலையாய சான்றுகளாயின.

புலிக்குகை: கடலை நோக்கிய பெரும்பாறை ஒன்றில் சிறு மேடை போன்ற அறையைக் குடைந்து, அதனைச் சுற்றிலும் வாய் பிளந்த பதினொரு யாளித் தலைகளை வளைவாக அமைத்துள்ளனர். பக்கத்தே இரு யானைகள் செதுக்கப்பட்டு, அவற்றின்மீது சிறு மாடங்கள் காணப்படுகின்றன. வேலை முற்றுப்பெறாது நின்றுவிட்ட இதன் நோக்கம் இன்னதென அறுதியிட இயலவில்லையாயினும், விழாக்காலங்களில் உற்சவ மூர்த்தியையோ அரசனையோ எழுந்தருளச் செய்தற்குரிய திறந்தவெளி மண்டபமாக இருந்திருக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து.

முருகன் கோயில்: 2004 டிசம்பர் 26ஆம் நாள் இக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை பாறையொன்றை மூடியிருந்த மணலை அரித்துச் செல்ல, அதன்மீதிருந்த எழுத்துகள் வெளிப்பட்டன. திருவிழிச்சில் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி அவை கூறியதைக் கொண்டு, 2005இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அருகிருந்த மணல்மேட்டை அகழ்ந்தபோது, கீழே செங்கற்கோயில் ஒன்றும் அதன்மேல் பல்லவர் காலத்துக் கருங்கற்பணியும் புலப்பட்டன. வடக்கு நோக்கிய இக்கோயிலின் முன்னே கல்லாலான வேல் நிற்கிறது; பெண்கள் கைகோத்துக் குரவையாடும் சுடுமண் பலகையும் இங்குக் கிடைத்தது. செங்கற்களின் பேரளவு முதலியவற்றைக் கொண்டு, அடித்தளம் சங்க காலத்ததென்றும், தமிழகத்தில் இதுவரை அறியப்பட்ட முருகன் கோயில்களுள் இதுவே மிகப் பழையதென்றும் அகழ்ந்தோர் கருதுவர். அக்காலக்கணிப்பை ஐயுறுவோரும் உளர். 9ஆம் நூற்றாண்டில் ஒருவர் 10 கழஞ்சுப் பொன்னும், பெண்மணி ஒருவர் விளக்கெரித்தற்கு 16 கழஞ்சுப் பொன்னும் அளித்த செய்தியை இக்கோயிற் சாசனங்களால் அறிகிறோம். கடற்பெருக்கால் அழிந்தும் மீண்டும் கட்டப்பெற்றும் வந்த கோயில், பின்னர் மணலுள் மறைந்ததாக ஊகிக்கப்படுகிறது.

இயற்கை: சவுக்குத் தோப்புகளும் பெரும்பாறைகளும் மணற்கரையும் அடுத்தடுத்து அமைந்த நெய்தல் நிலம் இது. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் இரவு வேளையில் இக்கடற்கரைப் பகுதிகளில் ஏறி, மணலைத் தோண்டி முட்டையிட்டுச் செல்லும். மேற்கேயுள்ள பக்கிங்ஹாம் கால்வாய், இருப்புப்பாதையும் நல்ல சாலையும் பெருகுமுன் விறகும் உப்பும் படகேறிச் சென்ற நீர்வழியாகும். வடக்கே வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் தொடங்கிய முதலைப் பண்ணையும், இருளர் பாம்புபிடிப்போர் 1978இல் அமைத்த கூட்டுறவுச் சங்கமும் உள்ளன.

செல்லும் வழி: சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் இவ்வூரைக் கடந்தே செல்கின்றன, செங்கற்பட்டிலிருந்து வருவோர் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் அடைந்து வடக்கே திரும்புதல் வேண்டும். நிழல் குறைந்த இடமாதலின் காலை வேளையே உகந்தது. செங்கல்லால் எழுப்பியும், பாறையைக் குடைந்தும், பின்னர்க் கல்லின்மேற் கல்லடுக்கியும் தமிழர் கோயில் சமைத்த முறை படிப்படியே வளர்ந்ததை நேரிற் கற்க விரும்புவோர், முருகன் கோயிலில் தொடங்கி, அதிரணசண்ட மண்டபத்தையும் புலிக்குகையையும் கண்டபின், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குச் செல்லுதல் தக்கது.