ஐந்து சொல்லில் போகும் கடிதம்



பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்து படித்தவன் நான். எங்கள் கரிசல் காட்டில் மழை பொய்த்த வருஷங்களில், பிழைப்புக்கு வெளியூர் போன பிள்ளைகளின் கடிதம்தான் வீட்டுக்குத் தெம்பு. ரிஜிஸ்டர் தபாலைக் கையெழுத்து வாங்காமல் தபால்காரர் தரமாட்டார். "யாரு கையில குடுத்தேன்னு நாளைக்குக் கேப்பாகல்ல?" என்பார். மின்னஞ்சலின் வரலாறும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

1971-ல் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைப் போட்டவரும் அவரே. பிறகு சில காலம், கோப்பு அனுப்பும் முறையின் முதுகிலேயே கடிதமும் சவாரி செய்தது. கடிதத்துக்கென்று தனி விதிமுறையை ஜோனதன் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்டார். அதுதான் எஸ்.எம்.டி.பி. (போஸ்டல் என்ற பெயரே தபாலுக்குப் பொருத்தம்தான்!)

இரண்டு சர்வர்கள் என்னதான் பேசிக்கொள்கின்றன? அனுப்பும் சர்வர் இணைப்புப் போட்டதும், பெறும் சர்வர் "220, தயார்" என்கிறது. "ஹெலோ, நான் இன்னார்" என்று அனுப்புகிறவர் அறிமுகம் செய்துகொள்கிறார். அடுத்து 'மெயில்': அனுப்பியவர் முகவரி. 'ஆர்சிபிடி': பெறுபவர் முகவரி. ஒவ்வொன்றுக்கும் "250, சரி" என்று பதில். 'டேட்டா' என்றதும் "354, சொல்லு" என்கிறது எதிர்த்தரப்பு. கடிதம் முழுவதும் போனபின், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. அதற்கும் "250" வந்தால் 'குவிட்' சொல்லி விடைபெறலாம். அவ்வளவுதான், ஐந்தே சொல்!

அந்தக் கடைசி 250-தான் தபால்காரர் வாங்கும் கையெழுத்து. அது வந்த நிமிஷமே பொறுப்பு கைமாறுகிறது. பெற்றுக்கொண்ட சர்வர் ஒன்று கடிதத்தைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் சேரவில்லை என்று தகவல் தர வேண்டும். வராதவரை கடிதம் பழைய சர்வரிடமே இருக்கும், அது மறுபடி மறுபடி முயலும். அப்படி ஓர் ஆளே இல்லையென்றால் "550" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

நம் நாட்டில் 1986-ல் மத்திய மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் எர்நெட்டைத் தொடங்கியது. அதில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. டெலிபோன் லைன் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம்! கடிதங்களைச் சேர்த்து வைத்து, லைன் கிடைத்தபோது மொத்தமாகத் தள்ளும் யு.யு.சி.பி. முறையில்தான் ஆரம்பித்தார்கள். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கும் இணையத்தைத் திறந்துவிட்டது.

இந்த விதிமுறைக்குக் குறைகளும் உண்டு. அனுப்புநர் முகவரியில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களுக்காகப் போட்ட விதி அது. போலிக் கடிதங்களைப் பிடிக்கும் சோதனைகளெல்லாம் பிறகு சேர்த்தவை. ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்த விதியாகவும் இருந்ததால், தமிழை ஆங்கில எழுத்தில் கூட்டி எழுதிய தலைமுறை நாங்கள். 1992-ல் வந்த 'மைம்' கடிதத்துக்குள் மற்ற மொழிகளுக்கு வழிவிட்டது. முகவரியையே தமிழில் எழுத 2012-ல் விதி வந்தது. ஆனால் எதிர் சர்வரும் அதை ஏற்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். 2001-ல் அம்மா காலமான செய்தியை, வெளிநாட்டிலிருந்த என் அறைத்தோழனுக்கு அனுப்பினேன். பதிலாக ஏதோ எண்ணும் ஆங்கிலமுமாக ஒன்று வந்தது. குப்பையென்று அழித்துவிட்டேன். "ஒரு வார்த்தை விசாரிக்கலையே" என்று மனசுக்குள் பகை வளர்த்தேன். போன மாதம் இந்த விழா அழைப்புகளை அனுப்பியபோது சில திரும்பி வந்தன, அதே 550! அப்போதுதான் உறைத்தது. சர்வர் தன் கடமையைச் செய்திருக்கிறது, படிக்காதது நான்தான். நண்பனின் நம்பரை விசாரித்துப் பேசினேன். "அம்மா போயிட்டாகளா?" என்றவன், வெகுநேரம் பேசவில்லை.

விழாவுக்கு அவன் வருகிறான். தம்பி தங்கைகளே, பதில் வரவில்லையென்றால் கோபப்படுமுன், கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.