பல் நகர்த்தும் சாஸ்திரமும் வலி மாத்திரையும்

1899ஆம் ஆண்டில், அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் என்னும் பல் வைத்தியர், ஒழுங்கு தவறிய பல்வரிசைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்து எழுதிப் பல் சீரமைப்பைத் தனிச் சாஸ்திரமாக்க அடிகோலினார். அதே ஆண்டில் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஆஸ்பிரினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்விரண்டும் ஒருவர் வாய்க்குள்ளேயே ஒன்றுக்கொன்று விரோதமாக வேலை செய்யக்கூடும் என்று தெளிவதற்கு எண்பது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

பல்லைக் கம்பி இழுக்கிறது என்றே பொதுஜனங்களாகிய நாம் நினைக்கிறோம். உண்மையில் கம்பி தூண்டுவதோடு சரி; பல்லை நகர்த்துவது தேகமே. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநார் ஒரு பக்கம் நெருக்குண்டு மறுபக்கம் இழுபடும்போது, அங்கே ஒருவித அழற்சி எழுந்து, நெருக்குண்ட பக்கத்து எலும்பு அரிக்கப்பட்டு, இழுபட்ட பக்கத்தில் புதிய எலும்பு படிய, மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டராகப் பல் இடம்பெயர்கிறது. ஸ்வீடன் தேசத்துச் சாண்ட்ஸ்டெட் இந்த மாறுதல்களை நாய்களிடம் சோதித்து 1904லேயே எழுதத் தொடங்கினார். ஆயினும் அதன்பின் நெடுங்காலம் இத்துறையின் சிந்தை, கம்பியின் வலிமை எத்தனை கிராம் என்பதிலேயே லயித்திருந்தது. நோயாளி என்ன மருந்து உண்கிறார் என்ற கேள்வி அதற்குள் நுழையவில்லை.

அக்கேள்விக்கு வாசல் திறந்தவர் பல் வைத்தியரல்லர். ஆஸ்பிரின், உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியாவதைத் தடுத்தே வலியைத் தணிக்கிறது என்று 1971இல் ஜான் வேன் நிரூபித்தார். அழற்சியைத் தூண்டும் அதே வஸ்துதான் பல் நகர்வதற்கும் துணை செய்கிறது என்பதை 1980களில் ஜப்பானின் யமாசாகி குழுவினர் எலிகளிலும் குரங்குகளிலும் பின்னர் மனிதரிடத்திலும் காட்டினர். 1986இல் வெளிவந்த ஓர் ஆய்விலோ, இண்டோமெதசின் என்னும் வலிநிவாரணி கொடுக்கப்பட்ட பூனைகளின் பற்கள் ஏறக்குறையப் பாதி வேகத்திலேயே நகர்ந்தன.

நம் சென்னை நகரில் பல் வைத்தியக் கல்வி 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றிற்று. பல் சீரமைப்பு வைத்தியர்களின் இந்தியச் சங்கம் 1965இல் அமைந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்து, வீட்டுவசதி வாரியத்தின் மனைகளால் விருத்தியடைந்த முகப்பேர், தாய் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரிக்கும் இடமாயிற்று. கம்பி கட்டிக்கொள்வது செல்வர் வீட்டுக் காரியமாக இருந்த காலம் போய், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் கம்பிப் பல்லோடு பள்ளிக்குச் செல்லும் காலம் வந்ததற்கு இத்தகைய கல்லூரிகளே பெருங்காரணம் என்பது என் துணிபு. அப்பிள்ளைகளுக்குக் கம்பியை முறுக்கிய மறுநாள் வலி உச்சத்தை அடையும். தாய் மருந்துக் கடைக்குப் போய், சீட்டு எதுவுமின்றி, வலி மாத்திரை என்று சொல்லி வாங்கி வருவாள். கிடைப்பது புரூஃபனாகவும் இருக்கலாம், டைக்ளோஃபெனாக்காகவும் இருக்கலாம். ஓரிரு வேளை உண்பதால் பெருங்கேடில்லை. நாள்தோறும் தொடர்ந்தால் நகர்வு தளரக்கூடும். பாராசிட்டமால் இவ்வகையில் இடையூறு செய்வதாகக் காணப்படாமையால் வைத்தியர்கள் அதையே விரும்புகிறார்கள். இதைக் கம்பி கட்டும் அன்றே அந்தத் தாயிடம் வாய்விட்டுச் சொல்வது, கம்பியைச் செம்மையாக வளைப்பதற்கு எவ்விதத்திலும் குறைந்த கடமையன்று.

வலி மாத்திரையோடு விஷயம் முடிவதில்லை. வலிப்பு நோய்க்கான பெனிடாயின் ஈறுகளைத் தடிக்கச் செய்வது 1939 முதலே அறியப்பட்டது. ஸ்டீராய்டுகளும் தைராய்டு மாத்திரைகளும் எலும்பின் போக்கையே மாற்றவல்லன. இக்காலத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணிகளும் பல்வரிசையைத் திருத்திக்கொள்ள வருகிறார்கள். அவர்களிற் சிலர் எலும்புத் தேய்வுக்காக அலெண்ட்ரோனேட் உண்டிருப்பார்கள். எலும்பு அரிக்கப்படுவதைத் தடுப்பதே அம்மருந்தின் தொழில். நிறுத்திய பின்னும் அது பல ஆண்டுகள் எலும்பிலேயே தங்கிவிடும். ஆகவே இன்று உண்ணும் மாத்திரையை மட்டுமன்றி, என்றோ உண்டு நிறுத்தியதையும் வைத்தியர் கேட்டறிந்த பின்னரே கம்பியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.