இடையில் ஆள் இல்லாத பணம்

2008 திருப்பூருக்கு நல்ல வருஷம் இல்லை. முந்தைய ஆண்டே டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்கு மேலான கணக்கில் பீஸ் ரேட் போட்டு ஆர்டர் எடுத்தவர்களுக்குக் கையைக் கடித்தது. அந்த நஷ்டத்துக்குக் காப்பு என்று சொல்லி வங்கிகள் 'டெரிவேட்டிவ்' ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தன. ரூபாய் ஏறினால் தப்பிக்கலாம் என்று போனவர்களில் பலர், டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன நடக்கும் என்ற பந்தயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். 2008 தொடக்கத்தில் பிராங்க் ஏறியது. பனியன் விற்று வந்த லாபம் பனியனோடு சம்பந்தமே இல்லாத ஒரு தாளில் போனது. திருப்பூர், கோவை ஏற்றுமதியாளர்கள் வங்கிகளை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்.

அதே 2008ல், அதே ஊரில், பாசி ஃபோரெக்ஸ் என்ற நிறுவனம் கிளம்பியது. அந்நியச் செலாவணியை ஆன்லைனில் வாங்கி விற்று உங்கள் பணத்தைப் பெருக்கித் தருகிறோம் என்றது. 2009ல் பணம் திரும்பி வருவது நின்றது. சுமார் 930 கோடி ரூபாய். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கோவை நீதிமன்றம் அதை நடத்தியவர்களுக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தபோது 2022 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று வங்கி விற்ற ஒப்பந்தம், இன்னொன்று மோசடி. ஆனால் இரண்டிலும் பணத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பக்கம், பணம் போன இடம் மறுபக்கம், நடுவில் ஒருவர். நடுவில் நடந்தது அந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். பிட்காயின் பிறந்த கதையைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதுவும் 2008ல்தான் பிறந்தது. நடுவில் ஒருவர் இல்லாமல் பணம் கைமாற முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலானது. ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றைக் குறியீட்டியல் ஆர்வலர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது ஒருவரா, ஒரு குழுவா என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

கட்டுரை தீர்க்க வந்த சிக்கல் பழையது. ஒரு பனியனை ஒருவருக்கு விற்றுவிட்டால் அதையே இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆனால் அந்தப் பனியனில் அடிக்கும் பிரிண்ட் டிசைன் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அதைப் பத்துப் பேருக்கு அனுப்பினாலும் நம்மிடமும் அப்படியே இருக்கும். பணத்தை வெறும் கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றினால் அதற்கும் இதே கதிதான். ஒரே நூறு ரூபாயை இரண்டு கடையில் கொடுக்கலாம். இதைத் தடுக்கத்தான் வங்கி என்ற ஒருவர் நடுவில் உட்கார்ந்து, யார் கணக்கில் எவ்வளவு என்று எழுதி வைக்கிறார்.

அவரை எழுப்பிவிட முயன்றவர்கள் சதோஷிக்கு முன்பே இருந்தார்கள். அமெரிக்கரான டேவிட் சாம் 1980களிலேயே ரகசியம் காக்கும் மின்னணுப் பணத்துக்குக் கணித வழி கண்டார். ஆனால் அவருடைய டிஜிகேஷ் நிறுவனமே நடுவில் நின்றது. 1998ல் அது திவாலானதும் பணமும் அதோடு போயிற்று. 1997ல் ஆடம் பேக், குப்பை மின்னஞ்சலைத் தடுக்க 'ஹாஷ்கேஷ்' என்ற முறையைச் செய்தார். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அனுப்புகிறவரின் கம்ப்யூட்டர் கொஞ்சம் உழைத்துக் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. ஒரு கடிதத்துக்கு அது பெரிய செலவில்லை, லட்சக்கணக்கில் அனுப்புகிறவருக்குக் கட்டுப்படியாகாது. சதோஷியின் சாமர்த்தியம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததில் இல்லை. இப்படிச் சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்துக் கட்டியதில் இருக்கிறது.

கணக்குப் புத்தகத்தை ஒருவரிடம் கொடுக்காமல் எல்லோரிடமும் கொடுத்துவிடுவதுதான் அவர் செய்தது. வலையில் உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதே புத்தகம் இருக்கிறது. நான் உங்களுக்குப் பணம் அனுப்பினால், எனக்கு மட்டும் தெரிந்த சாவி எண்ணால் கையெழுத்திட்டு அதை எல்லோருக்கும் அறிவிக்கிறேன். சாவியைக் காட்டாமலே கையெழுத்து சரிதானா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி வந்த வரவுசெலவுகள் ஒரு பக்கமாகக் கட்டப்படுகின்றன. அந்தப் பக்கத்துக்குப் பெயர் பிளாக்.

புதுப் பக்கத்தை யார் எழுதுவது? அதற்குத்தான் ஹாஷ்கேஷ் உழைப்பு. எந்த எழுத்தைக் கொடுத்தாலும் அதை ஒரு நீண்ட எண்ணாக மாற்றுகிற கணித முறை ஒன்று உண்டு. ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். இதற்கு ஹாஷ் என்று பெயர். பக்கத்தோடு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து, வருகிற ஹாஷ் குறித்த அளவு பூஜ்யங்களில் தொடங்குமாறு செய்ய வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்தை எழுதுகிறார். அவருக்குக் கூலியாகப் புது நாணயம் பிறக்கிறது. இதைத்தான் மைனிங் என்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் ஹாஷ் இருக்கும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த பக்கங்களுக்குத்தான் பிளாக்செயின் என்று பெயர். பழைய வரி ஒன்றைத் திருத்த நினைப்பவர், அதற்குப் பின் வந்த எல்லாப் பக்கங்களின் உழைப்பையும் மீண்டும் செய்து, மற்ற எல்லோரையும் முந்த வேண்டும். திருட்டைத் தடை செய்ய ஆள் வைக்காமல், திருடுவதைக் கட்டுப்படியாகாததாக ஆக்கிய இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

முதல் பிளாக் 2009 ஜனவரி 3 அன்று பிறந்தது. வங்கிகளுக்கு இரண்டாவது முறையாக அரசு பணம் கொட்டும் நிலை வந்ததைச் சொல்லும் அன்றைய லண்டன் 'டைம்ஸ்' தலைப்புச் செய்தியை சதோஷி அதற்குள் பதித்திருந்தார். ஒரு பிளாக்குக்குக் கூலி அப்போது 50 பிட்காயின். 2,10,000 பிளாக்குக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் போகாது. ஜனவரி 12 அன்று சதோஷி, ஹால் ஃபின்னி என்ற நிரலாளருக்கு 10 பிட்காயின் அனுப்பினார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன முதல் பணம் அது. 2010 மே 22 அன்று ஃபுளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அடுத்த ஆண்டு சதோஷி பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மைனிங் உழைப்புக்கு மின்சாரம் வேண்டும். இன்று பிட்காயின் ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட்டுக்கு மேல் இழுப்பதாக மதிப்பிடுகிறார்கள். திருப்பூரில் நொய்யல் ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாயக்கழிவின் செலவை யாரும் பீஸ் ரேட்டில் சேர்க்காததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. இன்னொரு பெரிய நாணயமான எத்தீரியம் 2022 செப்டம்பரில் இந்த உழைப்பு முறையையே கைவிட்டு, மின்செலவை 99 சதவீதத்துக்கு மேல் குறைத்தது.

சரி, திருப்பூரில் பனியன் அனுப்பிவிட்டு பிட்காயினில் பணம் வாங்கலாமா? ஏற்றுமதிப் பணம் அனுமதி பெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். பணம் வந்து சேர்ந்ததற்கு வங்கி தரும் சான்றுதான் டியூட்டி டிராபேக் போன்ற சலுகைகளுக்கு ஆதாரம். பேக்கிங் கிரெடிட் தருவதும் அதே வங்கி. ஆர்டரைக் காட்டினால் நூல் வாங்கக் கடன் கொடுக்க பிளாக்செயினில் ஆள் இல்லை. நடுவில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சதோஷியின் ஒன்பது பக்கத்தில் கடனுக்கு இடமே இல்லை. என் பார்வையில் அதன் பெரிய குறை அதுதான்.

சட்டப் பக்கம் கதை வேறு. பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர், சென்னையில் வழக்கறிஞராக இருந்து நீதிபதியான வி.ராமசுப்பிரமணியன். 2022 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்பனைத் தொகையில் 1 சதவீத டி.டி.எஸ்.ஸும் போட்டார். வரி உண்டு, ஆனால் அது ரூபாயைப் போல் சட்டப்படி செல்லும் பணம் அல்ல.

இதற்கிடையே கிரிப்டோ என்ற பெயரைச் சொல்லி, மாதாமாதம் இவ்வளவு வரும், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வருகிறவர்களும் பெருகினார்கள். பிட்காயின் யாருக்கும் வட்டி தருவதில்லை, ஆள் சேர்க்கச் சொல்வதும் இல்லை. மாத வருமானத்துக்கு உத்தரவாதம் தருகிற ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் விற்பது எந்த நாணயமானாலும் 2008ல் பாசி விற்றதுதான். பாசியில் பணம் போட்டவர்கள் தீர்ப்புக்கே பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார்கள்.

மோசடி இல்லாத இடத்திலும் நடு ஆள் வந்துவிட்டார். சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் பலரும் நாணயத்தை, அதை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திடமே விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டு நடந்தது. திருடு போகாத எக்ஸ்.ஆர்.பி. நாணயம் வைத்திருந்த ஒரு முதலீட்டாளரின் கணக்கும் முடங்கியது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை நம்பிக்கைப் பொறுப்பில் ஒருவரிடம் ஒப்படைத்து வைக்கவும் முடியும் என்று 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார்.